0.11 ஓம் காயிலும் ஒரு கிழிந்த பேட்டரி உறையும்

2015 நவம்பரில் மலேசியாவில் சிகரெட் பெட்டி ஒன்று 13 வெள்ளி (ரிங்கிட்) 80 காசிலிருந்து ஒரேயடியாக 17 வெள்ளிக்கு ஏறியது. கிள்ளானில் என் கூட்டாளிகள் பாதிப் பேர் அந்த மாதமே வேப்புக்கு (மின்சிகரெட்) மாறினார்கள், நானும் மாறினேன். அப்போது தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வேப் கடை. மாமாக் கடையில் தே தாரேக் வருவதற்குள் பக்கத்து மேசையிலிருந்து மாம்பழ வாசனையோடு ஒரு மேகம் நம் தலைமேல் வந்து இறங்கும். நான் ஆரம்பித்தது பேனா மாதிரி மெல்லிய ஒரு சாதனத்தில். கம்பெனியே போட்டுத் தரும் 1.8 ஓம் காயில் (ஜூஸைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்), ஒரு மில்லிக்கு 12 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள ஜூஸ். சிகரெட்டை நிறுத்த அதுவே போதுமாக இருந்தது. எனக்குத்தான் புகை போதவில்லை.

இப்போது எல்லாரும் தூக்கிப்போடும் பாட், சின்னச் சின்ன டப்பா என்று போய்விட்டார்கள். சொந்தமாகக் காயில் சுற்றுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் பழைய மெக் மோட்கள் ஐம்பது அறுபது வெள்ளிக்குக் கைமாறுகின்றன, வாங்குகிறவர்களுக்கு அதோடு சேர்த்து யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. போன மாதம் என் அக்கா மகன் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இதுல புகை நல்லா வருமாமே, காயில் சுத்திக் குடுங்க" என்று நின்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவர்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. புகைக்காத நுரையீரலுக்கு வேப் ஒரு வைத்தியமும் செய்யப்போவதில்லை.

மெக் மோட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளை அல்லது செம்புக் குழாய், உள்ளே ஒரே ஒரு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி), அடியில் ஒரு பொத்தான், மேலே காயிலும் அதற்குள் ஜூஸை உறிஞ்சும் காட்டனும் உட்காரும் ஆர்.டி.ஏ. என்ற தலைப்பகுதி. அவ்வளவுதான். உள்ளே சர்க்யூட் கிடையாது, சிப் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பேட்டரியில் இருக்கும் மின்சாரம் முழுக்கக் காயிலில் போய் இறங்கும். தப்பாக ஏதாவது நடந்தால் நிறுத்துவதற்கு உள்ளே யாரும் இல்லை. என் முதல் மோட் 280 வெள்ளி, அதற்குமேல் ஆர்.டி.ஏ. 120 வெள்ளி. அந்த நாளில் என் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசு முழுக்க அதில் போனது. நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன், ஓம் விதி எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

காயில் சுற்றுவது உண்மையிலேயே சந்தோஷமான வேலை, அதை மறைக்க மாட்டேன். முதலில் 24 கேஜ் காந்தால் கம்பி (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்). இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி அது, மீட்டருக்கு ஏறக்குறைய 7 ஓம். 3 மில்லிமீட்டர் தண்டில் இழுத்துப் பிடித்து ஆறு சுற்று. இரண்டு காயில் அப்படிச் செய்து டெக்கில், அதாவது ஆர்.டி.ஏ.வுக்குள் காயில் உட்காரும் தட்டில், பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் 0.27 ஓம் கிட்டே காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். அதை 0.27-ஆல் வகுத்தால் பதினைந்தரை ஆம்பியர். நேர்மையான 20 ஆம்பியர் பேட்டரி இதைச் சிரமம் இல்லாமல் தாங்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்தக் கணக்கோடு நிற்கலாம். பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும், அதனால் ஆம்பியரும் குறையும் என்பது சரிதான், ஆனாலும் கணக்கு எப்போதும் 4.2-ஐ வைத்துத்தான் போட வேண்டும். ஓம் மீட்டர் இல்லாமல் மெக் மோடில் எதையும் மாட்டாதீர்கள். இருபது முப்பது வெள்ளிப் பொருள்தான் அது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கம்பியின் கால்கள். டெக்கில் நிற்கும் போஸ்டில் திருகி முடித்ததும் மிச்சக் கம்பியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு டெக்கிலோ மூடியின் உள்சுவரிலோ பட்டால் ஷார்ட். காயிலும் எந்தப் பக்கமும் உலோகத்தைத் தொடக்கூடாது. மூடியைப் போட்டபின் இன்னொரு முறை ஓம் பாருங்கள். மூடி போடாதபோது 0.27, போட்டபின் 0.05 என்றால் எங்கேயோ தொடுகிறது என்று அர்த்தம். பிறகு பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, காயில் எப்படிச் சிவக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் ஒரே மாதிரி பரவினால் சரி. ஒரு சுற்று மட்டும் தனியாகப் பளிச்சென்று எரிந்தால் அது ஹாட் ஸ்பாட். சூடு ஆறியதும் செராமிக் முனை இடுக்கியால் காயிலை மேலிருந்து கீழாக லேசாக வருடி, சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கினால் சரியாகிவிடும். இரும்பு இடுக்கியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் இடுக்கி வழியாகவே ஷார்ட் ஆகும். செராமிக் முனைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பத்துப் பதினைந்து வெள்ளி வீண் இல்லை.

இந்த 0.27 ஓம் காயிலில் புகை நன்றாகவே வந்தது. ஆனால் கடைக்குப் போனால் சுவரோரம் நின்று ஊதுகிறவர்களின் புகை கூரையைத் தொட்டுத் திரும்பும். கடையில் நின்ற தம்பி என் காயிலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பத்தாது. 0.1-க்கு இறக்குங்க, அப்பத்தான் அடிக்கும்" என்றான். அவனிடமே 22 கேஜ் நைக்ரோம் 80 (நிக்கல், குரோமியம் கலந்தது) கம்பியும், இரண்டு புதுப் பேட்டரியும் வாங்கினேன். பேட்டரியின் மேலுறையில் 3000 எம்.ஏ.எச். (சேமிப்பு அளவு), 40 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. ஐந்து சுற்று, இரட்டைக் காயில், ஓம் மீட்டரில் 0.11. கணக்குப் போட்டால் 38 ஆம்பியர். உறையில் 40 போட்டிருக்கிறது, இரண்டு ஆம்பியர் மிச்சம் இருக்கிறதே என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது.

அந்த எண் பொய். அந்தக் காலத்து 18650 பேட்டரிகளில் தொடர்ச்சியாக 30 ஆம்பியரைத் தாண்டித் தருவது ஒன்றுகூட இல்லை. 30 தந்தவையும் 1500 எம்.ஏ.எச். அளவில்தான் இருந்தன. காரணம் பேட்டரியின் உள்ளேயே இருக்கிறது: அதே அளவு டப்பாவில் சேமிப்பைக் கூட்டினால் ஓட்டம் குறையும், ஓட்டத்தைக் கூட்டினால் சேமிப்பு குறையும். 3000 எம்.ஏ.எச். பேட்டரியில் 40 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்த இரண்டு எண்ணில் ஒன்றாவது கட்டுக்கதை. பெரிய பேட்டரித் தொழிற்சாலைகள் நான்கைந்துதான். சாம்சங், எல்ஜி, சோனியாக இருந்து இப்போது முராத்தாவாக ஆனது, பானசோனிக், மோலிசெல். மற்றவர்கள் இவர்களின் பேட்டரியையோ, சில சமயம் இவர்கள் கழித்துப்போட்டதையோ வாங்கி, புது உறை மாட்டி, தங்கள் பெயரையும் தங்களுக்குப் பிடித்த எண்ணையும் அச்சடித்து விற்றார்கள். சாம்சங் 25ஆர் என்றால் 2500 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 என்றால் 3000 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். சோனி விடிசி5ஏ 25 ஆம்பியர். உண்மையான எண்கள் இந்த மாதிரிதான் இருக்கும், பார்த்தால் ஆசை வராது. அந்தக் கம்பெனிகளே தனி மனிதர்கள் இந்த பேட்டரிகளை வேப்பில் உதிரியாகப் போட்டு எரிப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை, இது அதற்காகச் செய்ததல்ல என்று அறிவித்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

0.11-இல் புகை வந்ததா? வந்தது. முதல் இரண்டு இழுப்புக்கு அறை முழுக்க வெள்ளை. மூன்றாவது இழுப்புக்குத் தொண்டையில் அனல், நான்காவதுக்குக் காட்டன் காய்ந்து கருகிய வாடை. 30 மில்லி ஜூஸ் பாட்டில் இரண்டு நாளைத் தாண்டவில்லை. பாட்டில் 28 வெள்ளி. சிகரெட் 17 வெள்ளி ஆகிவிட்டது என்று இதற்கு வந்தவன், தினம் 14 வெள்ளி ஜூஸுக்கும், அதற்குமேல் கம்பிக்கும் காட்டனுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் அம்மாவிடம் சொல்ல முடியுமா?

நடுவில் நிக்கோட்டின் வேறு. அந்த 2015 நவம்பரில்தான் சுகாதார அமைச்சு விஷப்பொருள் சட்டம் 1952-இன் கீழ் வேப் கடைகளில் புகுந்து நிக்கோட்டின் ஜூஸ்களைப் பறிமுதல் செய்தது. அதற்குப் பிறகு நான் வாங்கிய இடங்களில் பாட்டிலில் நிக்கோட்டின் அளவைப் போடுவதையே விட்டுவிட்டார்கள். கேட்டால் "நார்மல்தான் அண்ணே" என்பார்கள். பேனா மாதிரி சாதனத்தில் 12 மில்லிகிராம் பிரச்சினையே இல்லை, ஒவ்வொரு இழுப்பிலும் ஆவியாவது ஒரு துளிதான். 160 வாட்டில் எரியும் இரட்டைக் காயிலில் ஒரே இழுப்பில் அதைப்போலப் பல மடங்கு ஜூஸ் நுரையீரலுக்குள் நேராக இறங்கும். ஒரு நாள் இரவு எண் போடாத ஒரு பாட்டிலை ஊதிவிட்டு, நெற்றியில் வியர்வை, நெஞ்சு படபடப்பு, குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. மாரடைப்பு என்றே நினைத்துக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அது நிக்கோட்டின் கூடிப்போனதன் அறிகுறி என்று அப்போது தெரியாது. பெரிய காயிலுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள். அளவு எழுதாத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். ஜூஸ் கையில் கொட்டினால் உடனே கழுவுங்கள், தோல் வழியாகவும் ஏறும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.

இனி பேட்டரி வெடித்த இரவு. நான் அப்போது வாடகை அறையில் தனியாக இருந்தேன். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து, சார்ஜரிலிருந்து பேட்டரியை எடுத்து மோடில் போட்டு, மூடியைத் திருகி, மெத்தையில் படுத்தபடி இழுக்கலாம் என்று கையில் எடுத்தேன். பொத்தானைத் தொடவே இல்லை. காயில் பக்கமிருந்து 'ஸ்ஸ்' என்று ஜூஸ் கொதிக்கும் சத்தம். சில நொடியில் காட்டன் கருகிய நாற்றம், மூடி இடுக்கிலிருந்து கறுப்புப் புகை. பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து அதை வெளியே இழுத்துப் பார்த்தேன். அது சும்மாதான் இருந்தது. அடிமூடியைக் கழற்றிப் பேட்டரியை வெளியே தள்ளிவிடலாம் என்று திருகினேன், பித்தளை அதற்குள் பிடிக்க முடியாத சூடு. வலது உள்ளங்கையும் பெருவிரலும் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. எப்படியோ குளியலறைப் பக்கம் வீசினேன். டைல்ஸில் விழுந்து உருண்ட பிறகுதான் 'டப்' என்ற சத்தமும், அடியில் இருந்த ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சியடித்த வெள்ளைப் புகையும். பெயிண்ட் தின்னரும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடினேன். கை நடுங்கியதில் வாசல் கிரில் பூட்டைத் திறக்கவே நேரம் ஆனது. அந்த நிமிடம் நினைத்ததை இப்போதும் மறக்க முடியவில்லை: கையில் இருந்ததால் தப்பித்தேன், வாயில் இருந்திருந்தால்?

வாயில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் செய்தி வந்தது. 2018 மே மாதம் அமெரிக்காவில் புளோரிடாவில் 38 வயது ஆள் ஒருவர், 2019 ஜனவரியில் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயதுப் பையன் ஒருவன், இருவரும் வேப் வெடித்து இறந்தார்கள். அந்தப் பையனுக்குச் சிதறிய துண்டு கழுத்து ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. என் மோடில் அடியில் ஓட்டைகள் இருந்தன, காற்று போக வழி இருந்தது. அந்த ஓட்டை இல்லாத குழாயை யாரும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அது குழாய் அல்ல, குண்டு.

பக்கத்து வீட்டு ஆண்டி சத்தம் கேட்டு வந்து என் கையைப் பார்த்துவிட்டு ஒரு கையில் பற்பசையும் இன்னொரு கையில் கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலுமாக வந்துவிட்டார். அன்பான மனுஷி, ஆனால் இரண்டும் வேண்டாம். தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், குறைந்தது இருபது நிமிடம். ஐஸ்கட்டியும் கூடாது. நான் ஐந்து நிமிடத்தில் பொறுமை இழந்து கிளினிக்குக் கிளம்பியதைக் கேட்டு டாக்டரம்மா திட்டினார். சில்வர் சல்ஃபாடையசின் களிம்பும் கட்டும் போட்டு, எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார். பேட்டரியிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கலாம், அது நுரையீரலையும் கண்ணையும் அரிக்கும், நல்லவேளை கதவைச் சாத்திவிட்டு வந்தாய் என்றார். கிளினிக் செலவு, மறுகட்டு, எம்.சி. நாட்களில் போன ஓ.டி., கருகிய மோட், ஆர்.டி.ஏ., வீட்டுக்காரருக்குப் புது டைல்ஸ் எல்லாம் சேர்த்தால் 1,900 வெள்ளிக்குக் குறையாது. வலது கை என்பதால் ஸ்பேனர் பிடிக்கவே பல வாரம் ஆனது, லைனில் மற்றவர்கள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எதனால் என்று கேட்டவர்களிடம் குக்கர் சுட்டுவிட்டது என்று சொல்லி வைத்தேன். வெட்கம்தான், வேறென்ன.

பொத்தானை அழுத்தாமல் எப்படி எரிந்தது என்று எனக்குப் பிடிபடவே நாளானது. பேட்டரியைக் குழாயிலிருந்து உரித்து எடுத்துப் பார்த்தபோதும் உறை முழுக்கக் கருகியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கூடவே வாங்கிய இன்னொரு பேட்டரியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நடுவில் நகக்கீறல் அளவுக்கு உறை கிழிந்து, உள்ளேயிருந்து உலோகம் பளபளவென்று தெரிந்தது. 18650-இல் மேல் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். பக்கச்சுவர், அடி எல்லாமே நெகட்டிவ். மோட் குழாயும் நெகட்டிவ் பாதை. அடிப்பொத்தானின் ஒரே வேலை பேட்டரியின் அடியைக் குழாயோடு இணைப்பது. உறை கிழிந்து பக்கச்சுவரே குழாயைத் தொட்டுவிட்டால் பொத்தானுக்கு அங்கே வேலையே இல்லை, பேட்டரி காலியாகும்வரை காயில் எரிந்துகொண்டே இருக்கும். அதுவும் 0.11 ஓம் காயில். 0.27 போட்டிருந்தால் காட்டன் கருகி, மோட் சுட்டு, சுதாரிக்க ஒரு நிமிடமாவது கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பேட்டரியைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் உறையைச் சுற்றிப் பாருங்கள். குமிழைச் சுற்றி இருக்கும் வெள்ளை வளையத்தையும் பாருங்கள். கீறல் இருந்தால் புது உறை ஒரு வெள்ளிகூட இல்லை, ஹேர் டிரையர் காற்றில் காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உதிரிப் பேட்டரியைச் சில்லறைக் காசு, சாவியோடு பேன்ட் பாக்கெட்டில் போடாதீர்கள், பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். சில மோடில் மேலே இணைப்புத் தகடு இல்லாமல் ஆர்.டி.ஏ.வின் நடுக்குச்சியே பேட்டரிக் குமிழைத் தொடும். அந்தக் குச்சி சுற்றியுள்ள திருகு வளையத்தைவிடத் தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வளையமும் குமிழைத் தொட்டு, காயிலே இல்லாமல் நேரடி ஷார்ட். சூடானால் வீசிவிட வேண்டும், கழற்றிப் பார்க்க உட்காரக் கூடாது.

கை ஆறியபின் நான் வேப்பை விடவில்லை. திரும்ப சிகரெட்டுக்குப் போக மனசில்லை. 220 வெள்ளிக்கு இரண்டு பேட்டரி போடும், சர்க்யூட் உள்ள மோட் வாங்கினேன். ஷார்ட் என்றால் அது எரியவே எரியாது, திரையில் எழுத்து வரும். இதில் ஆம்பியர் கணக்கு வேறு மாதிரி: காயில் ஓமை வைத்து அல்ல, நீங்கள் வைக்கும் வாட்டை வைத்து. 75 வாட்டை இரண்டு பேட்டரியின் கடைசி வோல்ட்டான 6.4-ஆல் வகுத்து, சர்க்யூட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 13 ஆம்பியர். எந்த நல்ல பேட்டரிக்கும் இது சாதாரணம். இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கிய ஜோடியாக, சேர்ந்தே சார்ஜ் ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும், பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது.

எனக்கு எரிச்சலாக இருந்த விஷயம் என்னவென்றால், இந்த மோடில் 0.26 ஓம் காயிலில் 75 வாட்டில் வந்த புகை, அந்த 0.11-இல் வந்ததைவிட அதிகம். குறைந்த ஓம் என்பது நேராகப் புகை அல்ல, நேராகச் சூடு மட்டும்தான். புகை என்பது ஆவியாகும் ஜூஸ். எவ்வளவு கம்பிப் பரப்பு ஜூஸில் நனைந்திருக்கிறது, காட்டன் எவ்வளவு வேகமாக அடுத்த ஜூஸைக் கொண்டுவந்து தருகிறது, காற்று எவ்வளவு வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது, இந்த மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். காட்டன் விளக்குத் திரி மாதிரிதான், எண்ணெய் ஏறும் வேகத்துக்கு மேல் சுடரைத் தூண்டினால் திரிதான் கருகும். அதுதான் என் 0.11 காயிலின் மூன்றாவது இழுப்பில் நடந்தது. ஜூஸிலும் வி.ஜி. (காய்கறிக் கிளிசரின்) எழுபது சதவீதம் இருக்க வேண்டும். கிளிசரின்தான் அடர்ந்த வெள்ளைப் புகை தரும். பி.ஜி. (புரொப்பிலீன் கிளைக்கால்) கூடினால் தொண்டையில் குத்தும், புகை மெலியும்.

கம்பிப் பரப்பைக் கூட்டுவதற்கு ஃபியூஸ்டு கிளாப்டன் நல்ல வழி. 28 கேஜ் நைக்ரோம் இரண்டை ஒட்டி வைத்து, அவற்றின்மேல் 38 கேஜ் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. அந்த மெல்லிய சுற்றுகளின் இடுக்கெல்லாம் ஜூஸ் நிற்கும், பரப்பு பல மடங்கு கூடும், ஓம் ஒரு அளவுக்கு மேல் இறங்காது. கையால் முடியாது, டிரில் வேண்டும். இரண்டு கம்பியின் ஒரு முனையை டிரில் வாயில் கடித்து, மறுமுனையை ஒரு சுழலியில் மாட்டிக் கட்ட வேண்டும். வேப் கடையில் அதற்கென்று பதினைந்து வெள்ளிக்கு விற்பார்கள். கிள்ளானில் எந்த மீன்தூண்டில் கடையிலும் தூண்டில் சுழலி ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும், அதே பொருள்தான். டிரிலை மெதுவாக ஓடவிட்டு, மெல்லிய கம்பியைப் பெருவிரல் நகத்தின்மேல் வைத்து, சுற்றிய பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அது தானாக ஒன்றையொன்று ஒட்டி ஏறிக்கொண்டே போகும். விரலில் துணி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், 38 கேஜ் கம்பி பிளேடு மாதிரி அறுக்கும். ஆரம்பத்தில் பாதிக் கம்பி குப்பைக்குத்தான் போகும், அதற்காக மனம் தளர வேண்டாம், கடையில் சுற்றிய ஜோடியை வாங்கினாலும் குற்றமில்லை. 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று, இரட்டைக் காயில், 0.26 கிட்டே வரும். கனம் கூடிய காயில் சூடாக அரை நொடி கூடுதலாக எடுக்கும், அதற்காக வாட்டை ஏற்றிவிடாதீர்கள். 50-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், சுவை மங்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஐந்து குறைத்து நில்லுங்கள்.

காட்டன்தான் புதியவர்கள் கோட்டைவிடும் இடம். ஜப்பான் காட்டன் பட்டையின் மேல்தோலை இரு பக்கமும் உரித்துவிட்டு, காயில் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து, நுனியை முறுக்கி உள்ளே நுழைக்க வேண்டும். இழுக்கும்போது கொஞ்சம் உராய்வு தெரிய வேண்டும், ஆனால் காயில் இடம் மாறக்கூடாது. இறுக்கமாக அடைத்தால் ஜூஸ் ஏறாது, தொளதொளவென்று இருந்தால் ஜூஸ் தெறித்து நாக்கைச் சுடும். வால்களை டெக்கின் தரையைத் தொடும் நீளத்துக்கு வெட்டி, நுனியை இடுக்கியால் சீவிச் சன்னமாக்கி, காற்று வரும் ஓட்டையை மறைக்காமல் உள்ளே மடித்துவிட வேண்டும். பிறகு ஜூஸ் விட்டு, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து, விட்டுவிட்டு நான்கைந்து தடவை அழுத்த வேண்டும். காயில் சரியாகக் காற்று ஓட்டைக்கு நேர் எதிரே, கொஞ்சம் மேலே இருக்கட்டும். கருகிய சுவை ஒரு தடவை வந்துவிட்டால் அந்தக் காட்டன் போச்சு, இன்னும் இரண்டு இழுப்பு பார்க்கலாம் என்று பார்க்காதீர்கள். காய்ந்து எரியும் ஜூஸிலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி நச்சுகள் வரும், நாக்கு சொல்லும் எச்சரிக்கை அது. இனிப்பு கூடிய ஜூஸ் காயிலில் கறுப்பாகப் படியும். காட்டனை எடுத்துவிட்டுக் குறைந்த வாட்டில் எரித்து, ஆறவிட்டுத் துலக்கினால் காந்தாலும் நைக்ரோமும் தாங்கும். டைட்டானியத்தையும் சுத்த நிக்கல் கம்பியையும் மட்டும் அப்படி வெறுமனே எரிக்கவே கூடாது.

அக்கா மகனின் மெக் மோடை நான் காயில் சுற்றித் தராமல் வாங்கி வைத்துக்கொண்டேன். பதிலுக்கு என் பழைய இரண்டு பேட்டரி மோடைக் கொடுத்தேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது, சிகரெட் பிடிக்கிறவன், அதனால்தான் கொடுத்தேன். 2024 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கும் 852-ஆம் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேப் விற்பதே குற்றம். அவன் ஜொகூரில் வேலைக்குப் போகப்போகிறான். அந்த மாநிலத்தில் 2016 ஜனவரியிலிருந்தே விற்பனைக்குத் தடை, அதனால் காட்டனும் கம்பியும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டான். பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகும்போது எதையும் பையில் வைக்காதே என்றும் சொல்லி அனுப்பினேன், அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். தீபாவளிக்குச் சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இந்தியாவில் 2019-இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது, இறக்குமதிக்கு முதல் தடவையே ஒரு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மோடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், பேட்டரியை வெளியே எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு.